கட்டில் எங்கே? மாஸ்ட்ரிக்ட் க்ரோய்ஸ்ஹேரன் ஓட்டல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய தேவாலயம் ஒன்றைச் சொகுசு ஓட்டலாக்கியிருக்கிறார்கள் என்று கேட்டதும் மனதில் எழும் படம் ஒன்றுதான்: வளைகூரைக்குக் கீழே கட்டில், தலைமாட்டில் வண்ணக் கண்ணாடி ஜன்னல். விளம்பரப் படங்களும் அந்தக் கற்பனைக்குத்தான் தீனி போடுகின்றன. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 2005இல் திறக்கப்பட்ட க்ரோய்ஸ்ஹேரன் ஓட்டலில் 60 அறைகள் உண்டு. தேவாலயத்துக்குள் ஒன்றுகூட இல்லை. அங்கே இருப்பவை வரவேற்பு மேசை, மது அருந்தும் இடம், கூட்ட அறைகள், காலை உணவு மேடை. கட்டில்கள் எல்லாம் ஒட்டியுள்ள துறவு மடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும்தான். ஏமாந்துவிட்டோமோ என்று சிலருக்குத் தோன்றும். அந்த ஓட்டலின் மிக நல்ல முடிவே அதுதான் என்பது இந்த ஆய்வின் கட்சி.

கட்டடம் கடந்து வந்தது

க்ரோய்ஸ்ஹேரன் என்பது திருச்சிலுவைத் துறவியரைக் குறிக்கும் டச்சுச் சொல். அந்தச் சபை 1438இல் மாஸ்ட்ரிக்டில் கால் ஊன்றியது. கோதிக் பாணித் தேவாலயமும் அதை ஒட்டிய மடமும் 15ஆம் நூற்றாண்டில் எழுந்தன. 1794இல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தது. சில ஆண்டுகளில் மடங்கள் கலைக்கப்பட்டன, துறவிகள் வெளியேறினார்கள், ராணுவம் உள்ளே வந்தது. 20ஆம் நூற்றாண்டில் அரசு வேளாண் ஆய்வு நிலையம் அங்கே இயங்கியது. அதுவும் போனபின் கட்டடம் சும்மா கிடந்தது. ஓட்டல் தொழிலர் கமீல் ஓஸ்ட்வேகல் எடுத்துக்கொண்டபோது துறவிகள் வெளியேறி இரண்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

இந்த இடைவெளி சாதாரண விஷயம் அல்ல. நேற்றுவரை பூசை நடந்த ஆலயத்தில் மதுக்கடை வந்தால் அதே ஊரில் திருமுழுக்கு பெற்றவர்கள் உயிரோடு இருப்பார்கள், மனம் புண்படும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் விதி இதற்கு ஒரு வழி சொல்கிறது. வலுவான காரணம் இருந்தால், மறைமாவட்ட ஆயர் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டு, ஆலயத்தை உலகியல் பயன்பாட்டுக்கு விடலாம். ஆனால் அந்தப் பயன்பாடு இழிவானதாக இருக்கக்கூடாது. பலரும் கவனிக்காதது 1238ஆம் விதி. ஆலயம் உலகியல் பயன்பாட்டுக்குப் போனாலும் பலிபீடம் தன் புனிதத்தை இழப்பதில்லை என்கிறது அது. ஆகவே பீடத்தை எடுத்துவிடாமல் அதன் மேலேயே மதுப்புட்டிகளை அடுக்குவது ரசனைக்குறைவு மட்டும் அல்ல, விதிமீறலும்கூட. 2018 நவம்பரில் ரோமில் இதற்கென்றே ஒரு மாநாடு கூடி, கைவிடப்பட்ட ஆலயங்களை என்ன செய்வது என்று வழிகாட்டு நெறிகளைப் பேசியது.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பகுதியில் கட்டடத்துக்கு எடுக்கும் மெர்கல் என்ற மஞ்சள் சுண்ணக்கல் மிக மென்மையானது. ரம்பத்தால் அறுக்கலாம், சாவியால் கீறினால் பொடி உதிரும். நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தை உறிஞ்சும், பிறகு மூச்சு விட்டபடி காயும். இதன் இணைப்புகளில் சிமெண்ட் பூசினால் ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல்லின் வழியே வரும். அதோடு வரும் உப்பு மேற்பரப்பில் படிகமாகி, கல்லின் முகத்தையே செதில் செதிலாக உரிக்கும். இந்தக் கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான். சுவரில் துளை போட்டு எதையும் மாட்டுவதற்கு முன் நூறு முறை யோசிக்கவேண்டிய கட்டடம் இது.

சுவரைத் தொடாத இரும்பு

சட்டைன்ப்ளஸ் என்ற கட்டடக் கலை நிறுவனம் எடுத்த வழி இதுதான்: புதிதாக வருவது எல்லாம் மேசை நாற்காலி போல உள்ளே வைக்கப்பட்டிருக்க வேண்டும், கட்டடத்தோடு ஒட்டக்கூடாது. மண்டபத்தின் நடுவே இரும்பு இடைத்தளம் ஒன்று தன் சொந்தக் கால்களில் நிற்கிறது. கூட்ட அறைகள் போன்றவை கீழே அடங்கிவிட, மேல்தளத்தில் உணவு மேசைகள். ஏற கண்ணாடி லிஃப்ட். நாளைக்கு ஓட்டல் வேண்டாம் என்றால் போல்ட்டைக் கழற்றி எடுத்துப் போய்விடலாம், தேவாலயம் பழையபடி நிற்கும். உள் அலங்காரம் ஹெங்க் ஃபாஸ், ஒளியமைப்பு ஜெர்மனியின் இங்கோ மௌரர்.

இடைத்தளத்தின் பெரிய லாபம் கண்மட்டம். தரையில் நிற்பவருக்கு வளைகூரை எங்கோ உயரத்தில் இருக்கும் ஓர் ஓவியம். ஒரு மாடி மேலே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது, நீண்ட ஜன்னல்களின் கல் பின்னல் முகத்துக்கு நேரே வந்துவிடுகிறது. கட்டிய கொத்தனாருக்கும் சாரம் கட்டிய பணியாளருக்கும் மட்டும் கிடைத்த பார்வை அது.

நுழைவாயில் மௌரர் செய்த செம்புக் குகை. பளபளக்கும் செம்புத் தகடு போர்த்திய, கூம்பு போன்ற சுரங்கவழி. படம் எடுத்துக்கொள்ளத்தான் எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். ஆனால் இப்படியோர் இடைவழிக்கு வேறொரு வேலையும் உண்டு. உயரமான மண்டபத்தில் சூடான காற்று மேலே தேங்கி நிற்கும், கீழே வாசல் திறந்ததும் குளிர்காற்று உள்ளே பாயும். அதைத் தடுப்பது இந்த இடைவழி. நேரடியாகத் தெருவுக்குத் திறக்கும் கதவு உள்ள தேவாலய ஓட்டல்களில், ரிசப்ஷனில் நிற்கும் பணியாளர் கோட்டோடு வேலை செய்வதைக் குளிர்காலத்தில் காணலாம்.

ஏழு விநாடி முழக்கம்

கட்டிலை ஏன் மண்டபத்தில் போடக்கூடாது என்பதற்கு முதல் காரணம் ஓசை. கணக்கு எளிது. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஓசையை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம், அதாவது ஓசை அடங்க ஆகும் நேரம், விநாடியில் கிடைக்கும். சேபின் சூத்திரம் என்பார்கள். உதாரணத்துக்கு 30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 18 மீட்டர் உயரமான ஒரு கல் மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 5400 கன மீட்டர். தரை, கூரை, சுவர்கள் சேர்த்து 2040 சதுர மீட்டர். கல்லும் கண்ணாடியும் சராசரியாக நூற்றுக்கு ஆறு பங்கு ஓசையை உறிஞ்சினால் உறிஞ்சும் பரப்பு 122 சதுர மீட்டர். முழக்க நேரம் ஏழு விநாடியைத் தாண்டுகிறது. ஸ்பூன் கீழே விழுந்தால் அதன் சத்தம் அடங்க ஏழு விநாடி. பாட்டுக்கு அது அமிர்தம். பேச்சுக்கு இரண்டு விநாடிக்குள் வரவேண்டும், படுக்கையறைக்கு அரை விநாடி.

இதைக் கம்பளம் விரித்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை. 100 சதுர மீட்டர் கம்பளம் தோராயமாக 30 சதுர மீட்டர் உறிஞ்சும். தேவைப்படுவதோ கூடுதலாக 300க்கு மேல். நூறு பேர் வந்து உட்கார்ந்தாலும், ஆளுக்கு அரை சதுர மீட்டர் என்று வைத்தால், நேரம் ஐந்து விநாடிக்குத்தான் இறங்கும். அதிலும் அந்த நூறு பேரும் பேசினால் ஒவ்வொருவரும் அடுத்தவரை மிஞ்சக் குரலை உயர்த்துவார்கள். ஆகவே நல்ல வடிவமைப்பாளர்கள் மண்டபம் முழுவதையும் அடக்கப் பார்ப்பதில்லை. மேசைக்குப் பக்கத்தில் உயரமான துணி முதுகுள்ள இருக்கை, மேலே தாழ்வாகத் தொங்கும் பெரிய விளக்குக் கவிகை, கூட்டம் நடத்தத் தனிக் கண்ணாடிப் பெட்டி என்று ஆள் இருக்கும் இடத்தை மட்டும் அடக்குகிறார்கள். அதற்கு மேலே இருப்பது முழங்கினால் முழங்கட்டும்.

இதே மண்டபத்தைத் தடுப்புப் போட்டு அறைகளாக்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். தடுப்பு கூரைவரை போனால் மண்டபம் செத்துப்போகும். போகாவிட்டால் பக்கத்து அறைக்காரர் தும்மினால் நீங்கள் விழித்துக்கொள்வீர்கள்.

குளிரும் ஈரமும்

இரண்டாவது காரணம் வெப்பம். கல் சுவர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிரும். தங்குபவருக்கு வேண்டியதோ பொத்தானைத் திருகியதும் சூடு. சூடான காற்றை ஊதினால் அது நேரே வளைகூரைக்குப் போய்விடும், கால் ஜில்லிட்டே கிடக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டுகிறார்கள். ஆனால் பழைய தேவாலயத் தரையைத் தோண்டினால் கல்லறைகள் வரும். குழாய் போட வந்தவர் ஒதுங்கி நிற்க, தொல்லியல் ஆய்வாளர் தூரிகையோடு இறங்குவார். வேலை அட்டவணை தள்ளிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சூடு அதிகமானாலும் ஆபத்து. குளிர்காலக் காற்றை வேகமாகச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சரியும். மரச்சிற்பம் வெடிக்கும், சுவரோவியத்தின் வண்ணம் உப்புப் படிந்து உதிரும். இந்தத் தேவாலயத்தில் பழைய சுவரோவியங்களும் உண்டு. 2011இல் வந்த ஐரோப்பியத் தரநெறி ஈஎன் 15759-1 தேவாலயங்களைச் சூடாக்குவது பற்றியே பேசுகிறது. கலைப்பொருள் பழகிய சூழலைத் திடீரென்று மாற்றாதே என்பது அதன் சாரம்.

மறுபக்கம், மனிதர் கொண்டுவரும் ஈரம். சும்மா உட்கார்ந்திருப்பவர் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியை வெளியிடுகிறார். 80 பேர் காலை உணவுக்கு உட்கார்ந்தால் மணிக்கு நாலு லிட்டர் தண்ணீர் காற்றில் ஏறுகிறது, காபி இயந்திரத்தின் ஆவி தனி. இது போய் ஒதுங்கும் இடம் குளிர்ந்த வண்ணக் கண்ணாடி. பனித்துளி வழிந்து ஈயப்பட்டையிலும் வண்ணப்பூச்சிலும் நிற்கும். இதற்கு அனுபவப்பட்டவர்கள் செய்வது: பழைய கண்ணாடியைச் சில சென்டிமீட்டர் உள்ளே நகர்த்தி, அதன் பழைய இடத்தில் புதுப் பாதுகாப்புக் கண்ணாடியைப் பொருத்தி, நடுவிலுள்ள இடைவெளிக்குக் கீழும் மேலும் திறப்பு விடுவார்கள். உள்காற்று அந்த இடைவெளியில் ஏறி இறங்கும். பழைய கண்ணாடியின் இரு முகமும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும், வேர்க்காது. இடைவெளியை அடைத்துவிட்டால் அதற்குள்ளேயே பாசி பிடிக்கும்.

உயரமான ஜன்னலடியில் உட்கார்ந்தால் கழுத்தில் குளிர் இறங்குவதும் கண்ணாடியால்தான். குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்று கனத்துக் கீழே சரிகிறது. கண்ணுக்கு அழகான மேசை, உடம்புக்கு மோசமான மேசை. இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

துறவியின் அறையில் பாத்ரூம்

மடத்தின் அறைகள் உறங்குவதற்கென்றே கட்டப்பட்டவை. தடித்த சுவர், சிறிய ஜன்னல், தாழ்ந்த கூரை, முற்றத்தைச் சுற்றிய நடை. ஓசைச் சிக்கலும் வெப்பச் சிக்கலும் இங்கே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். சிக்கல் வேறிடத்தில்: துறவிக்குத் தனி பாத்ரூம் கிடையாது.

கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும். 50க்கு 1 என்ற சரிவில் பத்து மீட்டர் ஓடினால் 20 சென்டிமீட்டர் உயரம் தேவை. பழைய தளத்தையும் உத்தரங்களையும் வெட்டக்கூடாது என்றால் அந்த 20 சென்டிமீட்டரை பாத்ரூம் தரையை உயர்த்தித்தான் எடுக்கவேண்டும். மடத்தையும் அரண்மனையையும் மாற்றிய ஓட்டல்களில் பாத்ரூம் வாசலில் எதிர்பாராத ஒரு படி வருவது இதனால்தான். இருட்டில் கால் தடுக்குவதும் அங்கேதான். வந்த முதல் மாலையிலேயே விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். வேடிக்கையாகத் தோன்றும், நள்ளிரவில் உதவும்.

சுவரில் மின்கம்பி புதைக்கமுடியாததால் பிளக் இருக்கும் இடங்களும் குறைவு. தலைமாட்டுப் பலகை, அலமாரி, தனித்து நிற்கும் குளியல் பெட்டி என்று மரச்சாமான்களுக்குள்தான் கம்பி ஓடும். போன் சார்ஜர் போட இடம் தேடுபவர் சுவரைப் பார்க்காமல் கட்டிலின் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும். அறைக்கு அறை அளவும் வடிவமும் மாறும். ஒரே விலைப்பட்டியலில் உள்ள இரண்டு அறைகளில் ஒன்றுக்கு மரக்கூரையும் ஒன்றுக்கு மூலை ஜன்னலும் அமைவது இங்கே சகஜம். க்ரோய்ஸ்ஹேரனில் மடத்தை ஒட்டிய பிற்காலக் கட்டடங்களிலும் அறைகள் உள்ளன. வசதி குறையாது, ஆனால் பழைய மடத்தின் வாசம் இருக்காது.

மற்றவர்கள் கட்டிலை எங்கே போட்டார்கள்

பெல்ஜியத்தின் மெஹெலன் நகரில் 2009இல் திறந்த மார்ட்டின்ஸ் பாட்டர்ஸ்ஹோஃப் எதிர்க்கட்சி. 1867ஆம் ஆண்டின் பிரான்சிஸ்கன் தேவாலயத்துக்குள்ளேயே தளங்கள் எழுப்பி அறைகளைப் போட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தூணின் தலைப்பகுதி, ஜன்னலில் வண்ணக் கண்ணாடி, எல்லாம் நிஜம். காலை உணவு பீடத்தின் முன்னே, முழு உயரமும் விட்டுவைத்த பகுதியில். விளம்பரத்தில் பார்த்த கனவு நிறைவேறும் இடம் இது. விலை என்னவென்றால் தேவாலயத்தின் நடுக்கூடத்தை நடுக்கூடமாகப் பார்க்கமுடியாது. தூணைத் துண்டு துண்டாகத்தான் சந்திப்போம், அடிப்பகுதி ஒரு மாடியில், தலை இன்னொரு மாடியில். வண்ணக் கண்ணாடி ஜன்னல் திறக்காது, வெளியே பார்க்கவும் விடாது, ஜூன் மாதத்தில் காலை ஐந்தரைக்கே அறையை நிறத்தால் நிரப்பிவிடும்.

ஆண்ட்வெர்ப்பின் ஆகஸ்ட் ஓட்டல் (2019, கட்டடக் கலைஞர் வின்சென்ட் வான் டூய்சன்) மாஸ்ட்ரிக்டின் வழியில் போகிறது. சிற்றாலயம் மது அருந்தும் கூடமாகிவிட்டது, உறக்கம் கன்னியர் மடத்தில். வாஷிங்டனின் லைன் ஓட்டலில் 1912ஆம் ஆண்டுத் தேவாலயம் வரவேற்பு மண்டபமானது, அறைகள் பின்னாலுள்ள கட்டடத்தில். பழைய ஆர்கன் குழல்களைக் கொண்டு சரவிளக்கு செய்து தொங்கவிட்டார்கள். வாத்தியத்தைப் பிரித்து விளக்காக்கியதை ரசிப்பவர்களும் உண்டு, மனம் வராதவர்களும் உண்டு. அந்தக் குழல்கள் இனி பாடப்போவதில்லை என்பதால் எங்கள் ஓட்டு இரண்டாமவர்களுக்கு.

தங்கப் போகிறவருக்கு

பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் கேட்கவேண்டியது, அறை எந்தக் கட்டடத்தில் என்பதைத்தான். "தேவாலய ஓட்டல்" என்ற பெயருக்காகப் பணம் கொடுத்துவிட்டுப் பின்புறப் புதுக் கட்டடத்தில் போய் உட்காருவதைவிட வருத்தம் வேறில்லை. அடுத்து, லிஃப்ட் அறை வாசல்வரை வருமா, நடுவில் எத்தனை படி. மண்டபத்தில் லிஃப்ட் இருப்பதால் மடத்திலும் எல்லா மட்டத்துக்கும் எட்டும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. முழங்கால் வலி உள்ளவர் இதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மூன்றாவது, மண்டபத்தில் அன்று தனியார் விருந்தோ திருமணமோ உண்டா. இருந்தால் நீங்கள் காண வந்த இடத்துக்கே மாலையில் போகமுடியாது.

விலையில் காலை உணவு சேர்ந்திருக்கிறதா பாருங்கள், பல நேரம் தனி. இங்கே அதைத் தவிர்த்து வெளியே காபி குடிக்கப் போவது மடத்தனம், இடைத்தளத்தில் உட்காருவதற்குத்தானே வந்தது. ஆனால் நேரம் பார்க்கவேண்டும். மாஸ்ட்ரிக்டில் டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்கவே எட்டரை தாண்டிவிடும். ஏழரைக்குப் போனால் ஜன்னல்கள் கறுப்புத் தகடுகள். ஒன்பதரைக்குப் போனால் கல் பின்னலுக்கு உயிர் வந்திருக்கும்.

நெதர்லாந்தில் தங்கும் கட்டணத்துக்கான மதிப்புக்கூட்டு வரி 2026 ஜனவரி 1 முதல் 9இலிருந்து 21 சதவீதமாகிவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் உள்ள யூரோக் கணக்கை நம்பவேண்டாம், நகராட்சியின் சுற்றுலா வரி வேறு தனி. மார்ச் மாதம் டெஃபாஃப் கலைச்சந்தை நடக்கும்போது ஊரில் அறை கிடைப்பதே கஷ்டம், கிடைத்தால் விலை மலைக்கவைக்கும். கார்னிவல் நாட்களும், ஃப்ரைட்ஹோஃப் சதுக்கத்தில் ஆந்த்ரே ரியூ கச்சேரி நடக்கும் ஜூலை மாலைகளும் அப்படியே. அந்தச் சதுக்கம் நடந்து போகும் தூரம்தான்.

ரயில் நிலையம் மாஸ் ஆற்றின் கிழக்குக் கரையில், ஓட்டல் மேற்கில், நடந்தால் ஏறத்தாழ இருபது இருபத்தைந்து நிமிடம். கல் பாவிய பழைய தெருக்களில் சக்கரப் பெட்டி குதிக்கும். பெரிய பெட்டி என்றால் டாக்ஸியே மேல். வெறுங்கையோடு என்றால் 13ஆம் நூற்றாண்டின் புனித செர்வாஸ் பாலத்தைத் தாண்டி வாருங்கள். வழியில் சற்றே ஒதுங்கினால் டொமினிக்கன் தேவாலயம். 1294இல் அர்ச்சிக்கப்பட்டது, ஒரு காலத்தில் சைக்கிள் கிடங்கு, 2006 முதல் புத்தகக் கடை. அங்கேயும் பல மாடி இரும்பு அலமாரி ஒன்று மண்டபத்துக்குள் தனியாக நிற்கிறது. மேல்தட்டுக்கு ஏறிக் கூரை ஓவியத்தைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்கு வருபவருக்கு, அந்த இடைத்தளத்தின் கால்கள் ஏன் சுவரிலிருந்து தள்ளி நிற்கின்றன என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.